அரசாங்கப்படி வராத தண்ணீர்

உம்மு கஸப் ஊரின் தண்ணீர் நிலையத்தில் காவலர், மோட்டார்க்காரர், சாவிப் பொறுப்பாளர் என்று மூன்று பதவிகள் உண்டு. மூன்றிலும் ஃபாலிஹ்தான் இருந்தார். மூன்றுக்கும் சேர்த்து அரசாங்கம் அவருக்கு ஒரு நாற்காலி கொடுத்திருந்தது. மின்சாரம் இருந்தால், ஃபுராத் நதியின் கிளையாற்றிலிருந்து தண்ணீரை இழுத்து, உப்பெடுத்து, முந்நூறு வீடுகளுக்கு அனுப்புவது அவர் வேலை. மின்சாரம் இல்லாவிட்டால், நாற்காலியில் உட்கார்ந்து, ஏன் தண்ணீர் வரவில்லை என்று முந்நூறு வீடுகளுக்கும் விளக்குவது அவர் வேலை.

மூன்று வருடத்துக்கு முந்தைய ஜூலையில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. அன்றிலிருந்து முதல் வேலை அவருக்கு ஏறக்குறைய மறந்துவிட்டது. இரண்டாவதில் நல்ல தேர்ச்சி வந்துவிட்டது. ஊர் ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தது. அதில் தேநீர் போட்டால், எவ்வளவு சர்க்கரை கொட்டினாலும் கடைசியில் உப்புதான் ஜெயிக்கும். எருமைகள்கூட ஒரு வாய் குடித்துவிட்டுத் தங்கள் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பதாக ஃபாலிஹின் மனைவி உம்மு ஹவ்ரா சொன்னாள். மகள் ஹவ்ராவின் பேரால் ஊருக்கு அவள் உம்மு ஹவ்ரா, அவர் அபூ ஹவ்ரா.

“எருமை பாக்குறதுகூடப் பரவால்ல. எங்க அண்ணி பாக்குறா பாருங்க ஒரு பார்வை, அதத்தான் தாங்க முடியல.”

“நான் என்ன பண்ணட்டும்? கரண்டு நானா காய்ச்சுறேன்?”

“சாவி உங்க இடுப்புலதான தொங்குது. பாக்குறவங்க சாவியத்தான் பாப்பாங்க.”

இப்படி இருக்கையில், வெளிநாட்டு உதவி அமைப்பு ஒன்று மனமிரங்கியது. பஸ்ராவிலிருந்து ரபாப் என்ற இளம் இஞ்சினியர் மூன்று லாரிச் சாமானோடு வந்து இறங்கினாள். ஒன்பதே நாளில் இருநூறு சோலார் தகடுகளை நிறுத்தினாள். ஓர் இரும்புக் கொட்டகை நிறையப் பேட்டரிகளை அடுக்கினாள். மேற்குச் சுவரில் சாம்பல் நிறப் பெட்டி ஒன்றை மாட்டினாள். எப்போது வெயிலைச் சேமிப்பது, எப்போது மோட்டாரை ஓட்டுவது, எப்போது நிறுத்தி இளைப்பாறுவது என்று அந்தப் பெட்டியே முடிவு செய்யும். வெளியிலிருந்து ஒரு கம்பி வரவேண்டியதில்லை.

“யாரையுமே கேக்காதா?” என்றார் ஃபாலிஹ். இருபத்திரண்டு வருட அரசுப் பணியில் அப்படி ஒன்றை அவர் கண்டதில்லை.

“கேக்காது, அபூ ஹவ்ரா. நீங்க இந்த ஸ்விட்சைப் போட்டுட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கலாம்.”

பத்தாம் நாள் காலை அவர் ஸ்விட்சை நெருங்குவதற்குள் பாக்தாதிலிருந்து ஆள் வந்துவிட்டார். ஸ்விட்சைச் சுற்றிக் கயிறு கட்டி, அதன்மேல் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி, அரசின் கழுகு முத்திரை பதித்தார். முத்திரையை உடைப்பவருக்கு மூன்று வருடச் சிறை என்று ஒரு தாளையும் பக்கத்தில் ஒட்டினார். தாளில் ‘மூன்று’ என்ற சொல் மட்டும் கையால் எழுதியிருந்தது. ஊருக்கு ஊர் ஆளைப் பார்த்து மாற்றிக்கொள்வார்கள் போலிருக்கிறது.

வந்தவர் இன்றியமையாக் கட்டமைப்புகளுக்கான தற்சார்பு மின்சார உயர் ஆணையத்தைச் சேர்ந்தவர். ஆணையத்தின் பெயர் அதன் கட்டடத்தைவிட நீளமானது. அதனால் பெயர்ப்பலகையின் கடைசி இரண்டு சொற்களான ‘உயர் ஆணையம்’ பக்கத்துப் பல் மருத்துவரின் சுவரில் இருந்தன. சில மனுதாரர்கள் தவறி அவரிடம் போய்விடுவார்கள். அவர் ஒரு பல்லைப் பிடுங்கி அனுப்பிவிடுவார். இந்த இரண்டு கதவுகளில் வேலை முடிந்து வெளியே வந்தவர்கள் அவர் கதவில்தான் அதிகம் என்று பேச்சு.

ஆணையத்தின் சுதந்திரக் கடிதம் கிடைக்காமல் எந்த நிலையமும் சுதந்திரமாக ஓடக்கூடாது என்பது சட்டம். அந்தக் கடிதத்துக்கான காகிதங்களைத் தபாலில் அனுப்பக்கூடாது, தபால் தொலைந்துபோகும். கணினியில் அனுப்பக்கூடாது, கணினியை நம்ப முடியாது. பிரமாணம் எடுத்த தூதர் ஒருவர் கையில் கொண்டுபோக வேண்டும். ஊரில் அரசுச் சம்பளம் வாங்குபவர் ஃபாலிஹ் ஒருவரே என்பதால் நான்காவது பதவியும் அவருக்கே வந்தது. அதற்கு நாற்காலி கிடையாது. ஒரு தோல்பை கொடுத்தார்கள்.

பங்கு டாக்சியில் ஐந்து மணி நேரம் குலுங்கி, தோல்பையை மடியில் வைத்துக்கொண்டு ஃபாலிஹ் பாக்தாத் போய்ச் சேர்ந்தார். ஆணையத் தலைவர் உஸ்தாத் முன்கித் அவரை நிற்கவைத்தே வரவேற்றார். கம்பளிக் கோட்டு, கழுத்துப் பட்டை, மேசையில் மூன்று தொலைபேசிகள். மூன்றில் எதுவும் கம்பியோடு இல்லை. ஆணையத்தின் கொள்கை அப்படியாம்.

“சார்ந்திருத்தல் என்பது அடிமைத்தனம்” என்று தொடங்கினார் முன்கித். அவர் உட்கார்ந்தால் பேச்சுவழக்கிலும் எழுந்தால் மேடைமொழியிலும் பேசுவார், அப்போது எழுந்திருந்தார். “இந்நாட்டின் மருத்துவமனைகளும் தண்ணீர் நிலையங்களும் எவரையும் எதிர்பாராமல் தம் சொந்தக் காலில் நிற்க வேண்டும். அந்தத் திருநாளைக் கொண்டுவர இந்த ஆணையம் அல்லும் பகலும்...”

இந்த இடத்தில் கரண்டு போய்விட்டது.

சன்னல்களை மறைத்துக் கோப்புகள் அடுக்கியிருந்ததால் அறை கும்மிருட்டானது. முன்கித் வாயைத் திறந்தபடியே நின்றார். தேநீர் கொண்டுவந்தவர் தட்டைத் தூக்கியபடியே நின்றார். பழக்கமாகிவிட்டது போலும், ஒருவரும் அசையவில்லை. கீழே தெருவில் வாட்ச்மேன் ஜெனரேட்டர்காரரைக் கெஞ்சுவது மட்டும் கேட்டது.

“அபூ துர்கி, கண்ணு, ஆணையத்துக்கு லைனைப் போட்டு விடுய்யா. மேல பேசிட்டிருக்காங்க.”

விளக்கு வந்தது.

“...உழைத்து வருகிறது” என்று முடித்துவிட்டு முன்கித் உட்கார்ந்தார். “சரி, கண்ணு. உங்க நிலையம் சுதந்திரமா இருக்கா?”

“இருக்கு, உஸ்தாத். மூணு வருஷமா கரண்டே இல்ல.”

“அதுக்குப் பேரு சுதந்திரம் இல்ல, இல்லாமை. நிறைய பேரு இத ரெண்டையும் குழப்பிக்கிறாங்க. ஸித் நிதாலைப் போய்ப் பாருங்க.”

ஸித் நிதால் என்ற அம்மையார்தான் ஆணையத்தின் கோப்புப் பொறுப்பாளர். இருபத்தைந்து வருடமாக அந்த மேசையில் இருக்கிறார். தலைவர்கள் வருவார்கள், போவார்கள்; நிதால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அங்கேயே இருப்பார். ஃபாலிஹின் பையிலிருந்த காகிதங்களை எடை பார்ப்பதுபோல் கையில் ஏந்திப் பார்த்தார்.

“துண்டிப்புக் கடிதம் எங்க?”

“அது என்னங்க, ஸித்?”

“உங்க நிலையத்தை அரசாங்க லைன்லேருந்து அறுத்துட்டோம்னு மின்சார ஆபீஸ் ஒரு கடிதம் குடுக்கணும். அது இருந்தாத்தான் நீங்க சுதந்திரமானவங்க. யார்கிட்டேருந்து சுதந்திரம்னு எழுதணும்ல?”

மின்சார அலுவலகம் ஃபாலிஹின் ஊருக்கு அரை மணித் தொலைவில் இருந்தது. எனவே அவர் மறுபடி ஐந்து மணி நேரம் குலுங்கினார். அங்கே மேலாளர் ஹாஜி முதஷர் ஜெபமாலையை உருட்டிக்கொண்டு, ஒரு கட்டுக் காகிதத்தின் மேல் வைத்த தேநீர்க் குவளையோடு இருந்தார். அந்தக் கட்டு எது என்று ஃபாலிஹுக்குப் பார்த்தவுடன் தெரிந்தது. புது டிரான்ஸ்ஃபார்மர் கேட்டு மூன்று வருடத்தில் அவர் கொடுத்த நாற்பத்தொரு மனுக்கள்.

“கம்பில கரண்டு இருக்கா?” என்றார் ஹாஜி.

“எப்படி இருக்கும், ஹாஜி? டிரான்ஸ்ஃபார்மர்தான் வெடிச்சுப் போச்சே.”

“அப்ப எப்படித் துண்டிக்கிறது?”

“கத்தரிய எடுத்து...”

“கரண்டு ஓடுற கம்பிய வெட்டினா அது துண்டிப்பு. கரண்டு இல்லாத கம்பிய வெட்டினா அது கம்பித் திருட்டு. உம்மேல கேஸ் எழுதணும். எழுதவா?”

“வேணாம், ஹாஜி.”

“அப்ப முதல்ல இணைக்கணும். இணைச்சாத்தான் அறுக்க முடியும். புது டிரான்ஸ்ஃபார்மர் ஒண்ணு அனுப்புறேன்.”

ஃபாலிஹ் குவளையின் அடியிலிருந்த கட்டைப் பார்த்தார். “நான் நாப்பத்தொரு தடவ கேட்டேனே, ஹாஜி.”

“அது இணைப்பு வேணும்னு கேட்ட மனு. இணைப்புக்கு இங்க சரக்கு கிடையாது. துண்டிப்புக்கு உண்டு. ஒரு பய கேட்டதில்ல, புத்தம் புதுசா கெடக்கு.”

மூன்று வருடம் வராத டிரான்ஸ்ஃபார்மர் மூன்றாம் நாள் வந்தது. ஏற்றினார்கள், முடுக்கினார்கள், பொத்தானை அமுக்கினார்கள். உம்மு கஸபின் குழாய்கள் முதலில் இருமின, பிறகு துப்பின, பிறகு நல்ல தண்ணீரைக் கொட்டின. கல்யாண அண்டாவிலிருந்து மூக்குடைந்த கெண்டி வரை எல்லாம் தெருவுக்கு வந்தன. மசூதி முன்னே ஆண்கள் சட்டையோடு குளித்தார்கள். உம்மு ஹவ்ராவின் அண்ணி ஃபாலிஹ் வீட்டுக்கு எருமைப்பாலின் கெட்டி ஏடு ஒரு தட்டு அனுப்பினாள்.

நான்கு மணி நேரம் கழித்து ஹாஜி முதஷர் ரிப்பன், கத்தரி, புகைப்படக்காரரோடு வந்து சேர்ந்தார்.

ஃபாலிஹ் அவரை ஓரமாக அழைத்துப் போனார். “ஹாஜி, கரண்டுதான் வந்துடுச்சே. இதை இப்படியே விட்டுடலாமே.”

ஹாஜி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “இப்படியே விட்டா துண்டிப்புக் கடிதம் எப்படி எழுதுறது? உனக்குச் சுதந்திரம் வேணுமா, தண்ணி வேணுமா?”

“தண்ணி, ஹாஜி.”

“மனுவுல சுதந்திரம்னுதான் போட்டிருக்கு.”

ரிப்பனும் கம்பியும் ஒரே நேரத்தில் வெட்டப்பட்டன. ஹாஜி சிறு உரை ஆற்றினார். இந்த அலுவலகம் இதுவரை எத்தனையோ ஊர்களை இருட்டில் வைத்திருக்கிறது என்றாலும் முறைப்படி, கடிதத்தோடு, விழா எடுத்து இருட்டாக்கியது இதுவே முதல் முறை என்று பெருமிதப்பட்டார். டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி, வந்த லாரியிலேயே ஏற்றினார்கள். துண்டிப்புக்காக வழங்கப்பட்ட பொருளாம். துண்டித்த பிறகு அங்கே அதற்கு வேலையில்லை.

ஏடு அனுப்பிய தட்டை அண்ணி அன்று மாலையே திருப்பிக் கேட்டாள். ரபாப் மட்டும் பேட்டரிக் கொட்டகை வாசலில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

“சிரிக்காதீங்க, இஞ்சினியரம்மா.”

“சிரிக்கல, அபூ ஹவ்ரா. நாலு வருஷம் காலேஜ்ல இதச் சொல்லித் தரவே இல்லியேன்னு பாக்குறேன்.”

துண்டிப்புக் கடிதத்தின் எண் 4417. ஃபாலிஹ் அதை இரண்டு கையாலும் நிதாலிடம் கொடுத்தார். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இது நெசமான கடிதம்தானா?”

“ஹாஜி அவர் கையால என் கைல குடுத்தாரு, ஸித்.”

“அத நீங்க சொல்றீங்க. கடிதம் சொல்லணும். ‘4417 எண்ணுள்ள கடிதத்தை நீங்கள் அனுப்பியது உண்மையா’ன்னு அவங்களக் கேட்டு எழுதுறேன். பதில் வாங்கிட்டு வாங்க.”

“யாரு கொண்டு போறது?”

“நீங்கதான் பிரமாணம் எடுத்த தூதர்.”

“நான் குடுத்தத நம்ப மாட்டீங்க. அத விசாரிக்க என்கிட்டயே குடுத்தனுப்புறீங்க.”

“நீங்க குடுத்தது சந்தேகம். நாங்க குடுக்கிறது நம்பிக்கை” என்று நிதால் உறையை ஒட்டினார்.

ஹாஜி முதஷர் ‘உண்மை’ என்று ஒரு சொல் எழுதி, கீழே ஏழு முத்திரை குத்திக் கொடுத்தார். ஃபாலிஹ் அதை பாக்தாதுக்குக் கொண்டுபோனார். அந்த ‘உண்மை’ உண்மைதானா என்று நிதால் கேட்டு எழுதினார். அதைக் கண்டதும் ஹாஜிக்கும் ரோஷம் வந்தது. இப்படிக் கேட்டிருப்பது உண்மையில் ஆணையம்தானா என்று அவர் தனியாக ஒரு கடிதம் போட்டார். அதன்பிறகு தோல்பைக்குள் இரண்டு அலுவலகங்களும் அக்கம்பக்கமாகப் படுத்து, ஒன்றையொன்று சந்தேகப்பட்டுக்கொண்டே பயணம் செய்தன. டாக்சி ஓட்டுநர்கள் ஃபாலிஹைக் கண்டால் முன்சீட்டைக் காலி செய்து தர ஆரம்பித்தார்கள். “இன்னிக்கு யாரு யாரை நம்பல, ஹாஜி?” என்று விசாரிப்பார்கள். அவர் ஹஜ் போனதில்லை. இவ்வளவு தூரம் போய்வருகிறவரை வேறு எப்படிக் கூப்பிடுவது.

ஏழாவது பயணத்தில் நிதால் பேனாவை மூடினார். “போதும். இதுக்கு மேல கேக்க மாட்டோம்.”

“நம்பிட்டீங்களா, ஸித்?”

“அதுக்கில்ல. இன்னொரு தடவ போனா அங்க கையெழுத்துப் போட்டவருக்கு மாற்றல் வந்துடும். புதுசா வர்றவர் முதல்லேருந்து கேப்பார். எனக்கு ரிட்டையர்மெண்டுக்கு ரெண்டு வருஷம்தான் இருக்கு.”

ஃபாலிஹ் எழுந்தார்.

“உக்காருங்க. இந்தப் பெட்டி, முடிவெடுக்கும்னு போட்டிருக்கே. யார் சொல்லி முடிவெடுக்குது?”

“அதுவே எடுக்கும், ஸித்.”

“என்ன கிரேடு?”

ஃபாலிஹ் பையிலிருந்த காகிதங்களைப் புரட்டினார்.

“அரசாங்கக் கட்டடத்துல முடிவெடுக்கிறவர் ஆறாவது கிரேடுக்குக் கீழ இருக்கக் கூடாது. நானே அதுக்கு மேல, அஞ்சாவது கிரேடு, இன்னிக்கு வரைக்கும் ஒரு முடிவு எடுத்ததில்ல. சரி, படிவத்த நிரப்புவோம். பேரு?”

“பெட்டி.”

“அப்பா பேரு?”

“தெரியல, ஸித்.”

“பாட்டனார் பேரு?”

“அப்பா பேரே தெரியல.”

நிதால் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. “பொறந்த ஊரு?”

“கப்பல்ல வந்துச்சுன்னு இஞ்சினியரம்மா சொன்னாங்க.”

“அப்ப அடையாள அட்டை, குடியுரிமைச் சான்று, குடியிருப்பு அட்டை, ரேஷன் அட்டை எதுவும் இருக்காது. நாலும் இல்லாதவருக்கு ஒரு வழிதான் உண்டு. யாராவது ஜாமீன் நிக்கணும். அது தப்பான முடிவு எடுத்தா ஜாமீன்தாரர் உள்ள போவார். சம்மதமா?”

ஃபாலிஹ் தன் வீட்டில்கூட எந்த முடிவும் எடுத்ததில்லை. அப்படிப்பட்டவர் முன்பின் தெரியாத ஒரு பெட்டியின் முடிவுகளுக்கு ஜாமீன் நின்று கையெழுத்திட்டார். வரும் ஞாயிற்றுக்கிழமை ஆய்வுக்குழு நேரில் வரும், முத்திரை முழுசாக இருப்பதை உறுதிசெய்யும், அதன்பின் கடிதம் பற்றி யோசிக்கப்படும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்த வியாழக்கிழமை வெயில் ஐம்பத்திரண்டு டிகிரிக்குப் போனது. கடல் உப்பு ஆற்றில் மேலேறி வந்துவிட்டது. காய்ச்சினாலும் வடிகட்டினாலும் அந்தத் தண்ணீர் வயிற்றில் தங்கவில்லை. ஊர் மருத்துவ அறையில் பதினொரு பேர் படுத்திருந்தார்கள், கட்டில் ஆறுதான். ஐந்து பேர் தரையில். உம்மு ஹவ்ராவின் அண்ணியும் தரையில்தான். ஃபாலிஹ் உள்ளே வந்தபோது அவள் அவரைப் பார்க்கவில்லை. முறைத்துப் பார்ப்பதற்குக்கூடத் தெம்பு வேண்டும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

“சுத்தமான தண்ணி குடுத்தா ரெண்டு நாள்ல எழுந்திருப்பாங்க” என்றார் மருத்துவ உதவியாளர். “இந்தத் தண்ணியையே குடுத்தா, என்கிட்ட கேக்காதீங்க.”

ஃபாலிஹ் ஆணையத்துக்குத் தொலைபேசினார். வாட்ச்மேன் எடுத்தார்.

“இன்னிக்கு லீவு, சகோதரா. ரேடியோ கேக்கலியா? வெயில் ஜாஸ்திங்கறதால அரசாங்க ஆபீசுக்கெல்லாம் லீவு விட்டுட்டாங்க. நாளைக்கு வெள்ளி, அதுக்கப்புறம் சனி. உஸ்தாத் குளிர்ச்சிக்கு வடக்கே மலைக்குப் போயிட்டாரு.”

“அவசரம்னா யாரக் கேக்கறது?”

“அவசரத்துக்கும் லீவுதான்.”

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னார். உம்மு ஹவ்ரா ஈரத்துணியைத் தலையில் போட்டுக்கொண்டு கேட்டாள்.

“இன்னிக்கு அரசாங்கமே லீவா?”

“ஆமா.”

“அப்ப அரசாங்கம் வச்ச அரக்குக்கு மட்டும் என்ன டூட்டி?”

ஃபாலிஹ் இதை மடக்கச் சட்டத்தில் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தார். அவர் படித்த ஒரே சட்டம் சுவரில் ஒட்டிய அந்தத் தாள்தான். “மூணு வருஷம் உள்ள போடுவாங்கடி.”

“மூணு வருஷமா நீங்க வெளிய இருந்து என்ன பண்ணீங்க? உள்ள நல்ல தண்ணியாவது குடுப்பாங்க.”

இருவரும் நிலையத்துக்குப் போனார்கள். பெட்டி மேற்குச் சுவரில், பிற்பகல் வெயிலுக்கு நேரே இருந்தது. அரக்கு இளகி வழிந்திருந்தது. கம்பீரமாக இறக்கை விரித்திருந்த கழுகு இப்போது அடைகாக்கும் கோழிபோலப் பதுங்கிக் கிடந்தது. ஃபாலிஹ் தாளில் இருந்த ‘மூன்று’ என்ற சொல்லை ஒரு முறை படித்தார். மருத்துவ அறையின் தரையை நினைத்தார். கயிற்றைப் பிடித்து இழுத்தார். ஸ்விட்சைப் போட்டார்.

பெட்டி ஒரு பச்சை விளக்கை ஏற்றியது. இரண்டு நிமிடம் எதையோ யோசித்தது. அந்த இரண்டு நிமிடமும் ஜாமீன்தாரர் மூச்சு விடவில்லை. பிறகு அது யாரையும் கேட்காமல், எந்தக் கிரேடும் இல்லாமல், தன் முதல் முடிவை எடுத்தது. மோட்டார் உறுமியது.

உம்மு ஹவ்ரா முதல் குடத்தை அண்ணிக்கு எடுத்துக்கொண்டு ஓடினாள். ஃபாலிஹுக்கோ அப்போதுதான் பயம் வந்தது. இளகிய அரக்கைத் திரட்டி, ஸ்விட்சுக்குப் பக்கத்தில் கயிற்றோடு சேர்த்து ஒட்டி, பெருவிரலால் பலமாக அழுத்தினார். கழுகு இருந்த இடத்தில் அவர் இடதுகைப் பெருவிரல், ரேகை ரேகையாக, வெகு தெளிவாகப் பதிந்துவிட்டது. பொழுது சாய்ந்தபின் வந்து திருத்தப் பார்த்தார். இறுகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆய்வுக்குழு வந்தது. முன்கித், ஹாஜி முதஷர், மடியில் கோப்போடு நிதால். வண்டியின் குளிர்சாதனம் பாதி வழியில் நின்றுபோனதால் மூவரும் அவித்தெடுத்ததுபோல இருந்தார்கள். நிலையத்துக்குள் மோட்டார் முழங்கிக்கொண்டிருந்தது. வாசலில் பெண்கள் வரிசையாகக் குடம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். மருத்துவ அறையிலிருந்து எட்டுப் பேர் வீடு திரும்பிவிட்டார்கள். அண்ணி எழுந்து உட்கார்ந்து, தன் ஏட்டுத் தட்டு விஷயமாகப் பேசத் தொடங்கிவிட்டாள். ஃபாலிஹ் மாற்றுச் சட்டை ஒன்றைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு தயாராக நின்றார்.

முன்கித் எதுவும் பேசுமுன் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தார். இன்னொன்று குடித்தார். மூன்றாவதைத் தலையில் ஊற்றிக்கொண்டார்.

“யார் போட்டது?” என்றார் பிறகு.

“நான்தான், உஸ்தாத்.”

“கடிதம் இல்லாம?”

“கடிதம் இல்லாம.”

“ஓடுதா?”

மோட்டார்ச் சத்தத்தில் அந்தக் கேள்வி ஃபாலிஹுக்குச் சரியாகக் கேட்கவில்லை. முன்கித் கத்திக் கேட்டார். “ஓடுதான்னு கேட்டேன்.”

“மூணு நாளா நிக்கவே இல்ல, உஸ்தாத்.”

முன்கித் அவருடைய அரசு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். “இதை நான் எழுத முடியுமா, கண்ணு? பத்து வருஷத்துல பத்தொன்பது திட்டம் பண்ணியிருக்கோம். எல்லாத்துக்கும் முறையா கடிதம் குடுத்தோம். ஒண்ணுகூட ஓடல. இருபதாவதுக்குக் கடிதமே குடுக்கல, ஓடுது. இத மேல இருக்கிறவன் படிச்சான்னா என்ன நினைப்பான்?”

“கடிதம் குடுக்காம இருந்தா ஓடும்னு நினைப்பான்” என்றார் ஹாஜி முதஷர்.

“நீ சும்மா இரு. கேஸ் போட்டா கோர்ட்டுல ஓடுச்சுன்னு நானே சாட்சி சொல்லணும். விட்டா, ஆணையம் எதுக்குன்னு கேப்பான்.” முன்கித் கழுத்துப் பட்டையைத் தளர்த்தினார். பிறகு எழுந்தார். எழுந்துவிட்டதால் மொழி மாறியது. “எழுதுங்கள், ஸித் நிதால். குழு நேரில் சென்று பார்வையிட்டது. நிலையம் இயங்கவில்லை.”

“என்ன?” என்றார் நிதால், காதில் கையை வைத்து.

“நிலையம் இயங்கவில்லை.”

“மோட்டார் சத்தம், உஸ்தாத். திரும்பச் சொல்லுங்க.”

“நிலையம் இயங்கவில்லை” என்று முன்கித் தொண்டை கிழியக் கத்தினார். குடம் பிடித்திருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். “தண்ணீர் வரவில்லை. முத்திரை உடைபடவில்லை. உரிய காலத்தில் கடிதம் வழங்குவது குறித்துப் பரிசீலிக்கப்படும்.” அவர் குரலைத் தாழ்த்தி ஃபாலிஹின் காதருகே வந்தார். “பரிசீலனை எவ்வளவு நாள் ஆகும்னு தெரியாது. எங்க வழக்கப்படி என் பேரன் காலம் வரைக்கும் போகும். அதுவரைக்கும் இங்க தண்ணி வராது. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது, உஸ்தாத். வரவே வராது.”

“ஊர்ல எல்லாருக்கும் சொல்லி வைங்க. யாராச்சும் குடிச்சா, குடிக்கலைன்னு சொல்லணும்.”

நிதால் மட்டும் சுவரருகே போய், கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, அரக்கை உற்றுப் பார்த்தார். ஸ்விட்ச் மேலே இருந்தது; அரக்கு பக்கத்தில் இருந்தது. கழுகு இல்லை.

“என்ன ஸித், முத்திரை சரியா இருக்கா?” என்றார் முன்கித், அந்தப் பக்கம் பார்க்காமலே.

“பதிவு தெளிவா இருக்கு, உஸ்தாத். கழுகுகூட இவ்வளவு தெளிவா விழாது.”

அறிக்கையின் அடியில் நிலையப் பொறுப்பாளர் கைரேகை வைக்க வேண்டும். நிதால் மைப்பெட்டியைத் திறந்து நீட்டினார். ஃபாலிஹ் இடதுகைப் பெருவிரலை மையில் ஒற்றி, ‘தண்ணீர் வரவில்லை’ என்ற வரிக்குக் கீழே பதித்தார். நிதால் தாளைத் தூக்கி, சுவரில் இருந்த அரக்குக்குப் பக்கத்தில் பிடித்து, ரேகைக்கு ரேகை இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஃபாலிஹின் மாற்றுச் சட்டை இருந்த பை கையிலிருந்து நழுவியது.

நிதால் கைப்பையிலிருந்து ஒரு ரப்பர் முத்திரையை எடுத்து, வாயால் ஊதி, தாளின் ஓரத்தில் அழுத்தமாகக் குத்தினார். ‘அசலுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டது.’

“இருபத்தஞ்சு வருஷத்துல முதல் தடவ நெசமாவே ஒப்பிட்டுப் பாத்திருக்கேன்” என்றார். “போங்க, அபூ ஹவ்ரா. போய்க் கைய நல்லா கழுவிட்டு வாங்க.”

ஃபாலிஹ் வாசலுக்குப் போனார். பெண்கள் குடங்களை நகர்த்தி வழிவிட்டார்கள். வராத தண்ணீரில் அவர் மை போகும்வரை கை கழுவினார். பக்கத்துக் குழாயில் ஹாஜி முதஷர் வழிப்பயணத்துக்காக இரண்டு கேன்களை நிரப்பிக்கொண்டிருந்தார்.